அறைக்கு அறை கேபிள் இழுக்கும் முன்...

வீடு கட்டி, வர்ணம் பூசி, குடிபுகுந்து பல வருடங்கள் கழிந்த பின்னர்தான் நம்மில் பலருக்கு ஒரு புதிய தேவை வருகிறது. ஓர் அறையிலுள்ள படத்தை இன்னோர் அறைக்குக் கொண்டு போக வேண்டும். ஹோலில் இருக்கும் டிஷ் பெட்டியின் படம் படுக்கையறைக்கு வேண்டும். பிள்ளைகளின் கணினிப் படம் பெரிய திரைக்கு வேண்டும். வாசல் கமராவின் படம் குசினிக்கு வேண்டும். கட்டும் காலத்தில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சுவருக்குள் பைப் புதைத்தோம். படம் போவதற்கும் ஒரு வழி விட வேண்டும் என்று அன்று யார்தான் நினைத்தோம்?

நினைக்காததில் வியப்பில்லை. இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இலும், ரூபவாஹினி 1982 இலும்தான் ஆரம்பித்தன. அதன் பின்னரும் நெடுங்காலம் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி, அதுவும் ஹோலில். அன்டெனாக் கம்பத்திலிருந்து ஒரு வயர் சன்னலால் உள்ளே வரும். அவ்வளவுதான் வேலை. படம் இருக்கும் இடத்துக்கு மனிதர்கள் போனார்கள். இன்று மனிதர் இருக்கும் அறைக்குப் படம் வர வேண்டும் என்கிறோம்.

இதைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். நான் வயரிங் வேலை தெரிந்தவன் அல்லன். பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். ஆயினும் எங்கள் வீட்டில் பதினான்கு மீற்றர் கேபிள் ஒன்றை இழுக்கப் போய், கம்பியைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் சில விடயங்களைக் கற்றுக்கொண்டோம். அவை உங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகிறேன்.

கமரா யோசனை

கிழக்குக் கரையோரத்தில் எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கே வீடு கொடுப்பது வழக்கம் என்பதை அறிவீர்கள். நான் மருமகனாக வந்து குடியிருக்கும் வீடும் அப்படித்தான். என் மாமியும் மர்ஹூம் மாமாவும் 1998 இல் அத்திவாரம் போட்டு, கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வொரு சுவராக எழுப்பி, மகளுக்காகக் கட்டி முடித்த வீடு. மாமி எங்களுடனேயே இருந்தார்.

2020 ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் செயலிழந்தது. பேச்சு மெதுவாகத் திரும்பியது. ஆனால் நடை திரும்பவில்லை. வீட்டின் பின்பக்க அறையில், பாத்ரூம் அருகே இருக்கிறது என்பதற்காக, அவருக்குக் கட்டில் போட்டோம். குசினியும் ஹோலும் அந்த அறையிலிருந்து பார்த்தால் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டு முறை, கூப்பிட்டும் கேட்கவில்லை என்று, தானே எழும்பப் பார்த்துக் கட்டில் விளிம்பு வரை வந்துவிட்டார். அல்லாஹ் காப்பாற்றினான். அதற்குப் பின் என் மனைவிக்குக் குசினியில் நிம்மதியாக நிற்க முடியவில்லை. அரிசி கழுவும்போதும் காது பின்னறையில்தான் இருக்கும்.

அப்போதுதான் பிள்ளைகள் கமரா யோசனையைச் சொன்னார்கள். உம்மம்மாவின் அறையில் ஒரு கமரா, குசினியில் ஒரு சிறிய திரை. உறவினர் ஒருவரின் வீட்டில் இப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். மூத்த மகன் இன்னும் இலேசான வழியைச் சொன்னான். கேபிளே வேண்டாம், வைஃபை கமரா ஒன்றை வாங்கினால் எல்லோருடைய கைபேசியிலும் பார்க்கலாம், கட்டாரில் இருக்கும் மாமாவும் பார்க்கலாம் என்றான். எல்லோருக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. அன்பினால் சொல்லப்பட்ட யோசனை என்பதிலும் சந்தேகமில்லை.

மாமி கேட்ட கேள்வி

எதுவானாலும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நான் சொன்னேன். வீடு அவர் கட்டியது, அறை அவருடையது. மாமி என்னிடம் நேரே அதிகம் பேசுபவர் அல்லர். பழைய காலத்து மரியாதை அது. மகளிடம் சொல்வார், அது எனக்கு வந்து சேரும். அன்றும் மனைவிதான் கட்டிலருகே இருந்து விளக்கினார். நான் கதவடியில் நின்றேன்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, இழுத்து இழுத்துக் கேட்டார்:

"உடுப்பு மாத்தக்குள்ளயும் அது காட்டுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு உடுப்பு மாற்றுவதும், உடம்பு துடைப்பதும், மலசலம் எடுப்பதும் நாளொன்றுக்கு எத்தனை தடவை நடக்கும் என்பது நோயாளியைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரங்களில் கமராவை மூட நினைவிருக்குமா? குசினித் திரைக்கு முன்னால் அப்போது யார் நிற்பார்கள்? அது வைஃபை கமராவாக இருந்தால், அந்தப் படம் எங்கள் வீட்டைத் தாண்டி எங்கெல்லாம் போய் எங்கே சேமிக்கப்படும்?

மாமி மீண்டும் சொன்னார்: "நீங்க எல்லாரும் என்னப் பாப்பீங்க. நான் ஆரப் பாக்கிற?"

அன்பர்களே, ஸூரத்துந் நூரில் மூன்று நேரங்களைக் குறிப்பிட்டு, வீட்டிலுள்ள சிறு பிள்ளைகள்கூட அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பதை நான் பல வருடங்களாக வகுப்பில் கற்பித்து வந்திருக்கிறேன். ஸுபஹுக்கு முன், பகலில் ஆடை களையும் நேரம், இஷாவுக்குப் பின். கதவு திறப்பதற்காக மட்டும் வந்த சட்டம் அல்ல அது. கண்ணுக்காக வந்த சட்டம். கமரா என்பதும் ஒரு கண்தான். அது கதவைத் தட்டுவதில்லை, ஸலாம் சொல்வதுமில்லை. நோயில் விழுந்தவர் என்பதற்காக அவருடைய அறைக்குக் கதவு இல்லாமல் போய்விடாது.

ஆகவே பிரச்சினையை இரண்டாகப் பிரித்தோம். விழுந்துவிடுவார் என்ற பயம் ஒன்று. தனியே கிடக்கிறார் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கமரா தேவையில்லை. கட்டிலின் இரு பக்கமும் தடுப்புச் சட்டம் போட்டோம். அவரது வலக்கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பெல் பொத்தான், குசினியில் பெல். இரவில் யாராவது ஒருவர் அந்த அறையிலேயே படுப்பது என்று முறை வைத்தோம். இரண்டாவதற்குத்தான் கேபிள். ஆனால் திசை மாறியது. கமரா ஹோலில்; திரை மாமியின் அறையில்.

எந்தக் கேபிள்?

இனி, கேபிள் இழுக்க எண்ணியிருப்பவர்களுக்குப் பயன்படும் செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊரில் வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் பொறுமையாக விளக்கியவற்றையே பெரும்பாலும் சொல்கிறேன்.

இன்று எல்லாத் தொலைக்காட்சியிலும் இருப்பது எச்.டி.எம்.ஐ. துளை. ஆகவே கடைக்குப் போனவுடன் நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றைக் கேட்கிறோம். அறைக்கு அறை இழுப்பதற்கு அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, அதன் தலை. பத்தொன்பது முனைகள் கொண்ட அந்தத் தலையை வெட்டிவிட்டு மீண்டும் வீட்டில் வைத்துப் பொருத்த முடியாது. ஆகவே தலை நுழையும் அளவுக்குச் சுவரில் பெரிய துளை போட வேண்டும். சுவருக்குள் புதைத்த சிறிய பைப்புக்குள் அது வளைவுகளைத் தாண்டிப் போகாது. இரண்டாவது, தூரம். சாதாரண செப்புக் கேபிளில், 1080 அளவுப் படம் பத்து மீற்றர் வரை பெரும்பாலும் போய்ச் சேரும். 4கே படமானால் ஐந்து மீற்றரைத் தாண்டும்போதே சந்தேகம்தான். பழைய அன்டெனாப் படம் தூரம் கூடக் கூடப் புள்ளி விழுந்து மங்கும். இது அப்படியல்ல. சரியாக வரும், அல்லது மின்னி மின்னி ஒரேயடியாகக் கறுத்துப் போகும்.

தூரம் அதிகமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணினி வலையமைப்புக்குப் பயன்படும் கேட் 6 கேபிளை இழுத்து, இரு முனைகளிலும் படத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டிகளைப் பொருத்துவது. இந்தக் கேபிள் ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் தடிப்புத்தான். தலையை இழுத்த பின்னர் பொருத்தலாம் என்பதால் சிறிய துளை போதும். நல்ல பெட்டிகளாயின் ஐம்பது மீற்றர் வரை பிரச்சினையின்றிப் படம் போகும். வாங்கும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைப்பவற்றுள் சில, அலுமினியத்தின் மேல் செப்பு பூசியவை. உள்கம்பியைக் கத்தியால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வளைத்தால் எளிதில் ஒடியும். உள்ளேயும் செம்பு நிறமாக இருப்பதையே வாங்குங்கள்.

மற்றைய வழி, ஒளியிழை கலந்த எச்.டி.எம்.ஐ. கேபிள். மெல்லியது, நீண்ட தூரமும் போகும். ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு தலையில் படம் தரும் பக்கம் என்றும் மறுதலையில் திரைப் பக்கம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். மாற்றி இழுத்தால் படம் வராது. முழுவதையும் உருவி மறுபடி இழுக்க வேண்டியதுதான். சுவருக்குள் விடும் முன் எந்தக் கேபிளையும் தரையில் விரித்து, இரு முனைகளையும் செருகி, படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று அந்தத் தம்பி அழுத்திச் சொன்னார்.

எங்களுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஹோலில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும். மயிரிழை தெரிய வேண்டியதில்லை. சாதாரண 12 வோல்ட் கமரா ஒன்று வாங்கினோம். அதன் வாலில் உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்தால், படம் பழைய முறைக்கு மாறும். பழைய தொலைக்காட்சிகளின் பின்னால் மஞ்சள் நிறத் துளை இருக்குமல்லவா, அதில் நேரே செருகலாம். நடுவில் பதிவுப் பெட்டி இல்லை, இணையம் இல்லை, கடவுச்சொல் இல்லை. படம் ஹோலில் ஆரம்பித்து மாமியின் அறையில் முடிந்துவிடும். எங்கும் சேமிக்கப்படாது. இதற்கு வேண்டிய கேபிள், அன்டெனாக் கம்பி போன்ற 75 ஓம் உருண்டைக் கேபிள்தான். பதினான்கு மீற்றரில் அதன் படத்துக்கு ஒரு குறையும் வராது. புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் மஞ்சள் துளையே இருப்பதில்லை. வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலியைக் கொண்டு போகலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றோம். வீட்டுக்கு வருபவர்கள் ஹோலில் மனம் விட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சு அவர்களுடைய அமானிதம்.

எந்த வழி?

கட்டி முடித்த வீட்டில் கேபிள் போவதற்கு நான்கு வழிகள்தாம் இருக்கின்றன. சுவரை வெட்டிப் புதைப்பது, கூரைக்குள்ளால் கொண்டு போவது, வெளிச்சுவரால் கொண்டு போவது, உள்ளே சுவரின் மேல் பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடித்து அதற்குள் விடுவது.

இவையெல்லாவற்றையும் விட எளிதான ஒரு வழி இருப்பதாக என் மகன் நினைத்தான். சுவருக்குள் ஏற்கெனவே கரண்ட் வயர் போகும் பைப் இருக்கிறதே, அதற்குள்ளேயே இதையும் தள்ளிவிட்டால் என்ன? வயரிங் தம்பி உடனே மறுத்துவிட்டார். அதற்குள் போவது 230 வோல்ட். படக் கேபிளின் உறை அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. என்றாவது ஒரு நாள் பழைய வயரின் உறை தேய்ந்து ஒன்றோடொன்று பட்டால், தொலைக்காட்சியின் பின்புறத்தைத் தொடுபவரின் கைக்கு மின்சாரம் வரும். நோயாளியின் கட்டிலருகே இருக்கப் போகும் பெட்டி அது. வேலை சுருக்கமாக முடியும் என்பதற்காக இதனை ஒருபோதும் செய்ய வேண்டாம். செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம் வேலையையும் கொடுக்க வேண்டாம். கரண்ட் வயரோடு இணையாகப் போவதானால் ஓரடி தூரமாவது விலகிப் போக வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். படத்தில் கோடு விழாமல் இருக்கவும் அதுவே வழி.

சுவரை வெட்டினால் தூசியும் சத்தமும் நாட்கணக்கில் இருக்கும். நோயாளி உள்ள வீட்டுக்கு அது ஒத்துவராது. கூரைக்குள் போகலாம் என்றால் எங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் சீற். இதனை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைப்பதும், அறுப்பதும், உடைப்பதும் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசியைக் கிளப்பும். அது நுரையீரலுக்குள் போய்ப் பல வருடங்களுக்குப் பின்னர் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. ஒரு கேபிளுக்காக அதில் கை வைக்க வேண்டியதில்லை. சீற்றின் மேல் ஏறி உடைந்து விழுந்தவர்களையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

வெளிச்சுவரால் கொண்டு போவது மோசமான வழியல்ல. ஆனால் எங்கள் கரையோரத்தில் வெயிலும் உப்புக்காற்றும் கேபிளின் தோலையும் முனைகளையும் தின்றுவிடும். அப்படிப் போவதென்றால் பைப்புக்குள்ளேயே போக வேண்டும். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். துளைக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்க விட வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல், அந்த வளைவிலேயே சொட்டி விழும்.

நாங்கள் தெரிவு செய்தது கேசிங் பட்டி. ஹோல் சுவரின் மேல்மூலை வழியாகப் போய், நடுவிலுள்ள மகளின் அறையைக் கடந்து, மாமியின் அறைக்கு. இரண்டு சுவர்கள், இரண்டு துளைகள். மகளிடமும் அனுமதி கேட்டோம். "என்ட அறைக்குள்ள கமரா வராதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே அவள் சம்மதித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உம்மம்மா கேட்டதைத்தான் பேத்தியும் கேட்டாள்.

சுவரை அறிந்தவர்

துளைபோடும் நாள் வந்தது. சுவருக்குள் கரண்ட் பைப் எங்கே போகிறது என்பது வெளியே தெரியாது. சுவிட்சுக்கும் சொக்கட்டுக்கும் நேர் மேலேயும், நேர் கீழேயும், நேர் பக்கத்திலும் துளைக்கக் கூடாது என்பது பொது விதி. பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். ஆகவே தம்பி, மகளின் அறைச் சுவிட்சிலிருந்து இரண்டடி தள்ளி, சன்னல் மூலைக்கு அருகே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

தூசி படாமலிருக்க மாமியை அன்று சக்கர நாற்காலியில் முன்விறாந்தைக்குக் கொண்டு போகும் வழியில் அவர் அந்தப் புள்ளியைக் கண்டுவிட்டார். நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, அதில ஓட்டை போடாதீங்க. பைப் நேர மேல போகல்ல. மேசன் சாய்ச்சித்தான் வெட்டின. சன்னல் மூலையாலதான் ஏறுது."

தம்பி என்னைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு முந்திய கதை; பாரிசவாதம் வந்த மூதாட்டி. ஆனாலும் அந்தத் தம்பி நல்ல வேலைக்காரர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுவிட்சுத் தட்டைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பைப் நேரே மேலே போகவில்லை. சன்னல் பக்கமாகச் சாய்ந்தே போனது. அவர் குறித்திருந்த புள்ளி ஏறக்குறைய அதன் மேலேயே இருந்தது.

அதன் பின்னர் மாமி விறாந்தைக்குப் போகவில்லை. ஹோலின் நடுவிலேயே நாற்காலியில் இருந்துகொண்டு, தண்ணீர் பைப் எங்கே போகிறது, எந்தச் சுவர் செங்கல், எந்தச் சுவர் சீமெந்துக் கல், எங்கே கம்பி வைத்த லிண்டல் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீடு கட்டிய காலத்தில் மாமா கடையிலிருப்பார். மேசனோடு வெயிலில் நின்றவர் மாமிதான். அந்தச் சுவர்களின் வரைபடம் வேறெங்கும் இருக்கவில்லை. அவரது நினைவில்தான் இருந்தது. பின்னறையில் கிடப்பவர் என்று நாங்கள் எண்ணியிருந்தவர் அன்று முழு வீட்டையும் நடத்தினார்.

இரண்டு துளைகளும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. கேபிளை இழுத்த பின்னர் தலைகளைப் பொருத்தினார்கள். மாமியின் பெல்லுக்கான மெல்லிய வயரும், அது பற்றரியில் இயங்குவது என்பதால், அதே பட்டிக்குள் போனது.

இரண்டு வருடங்கள்

சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். ஹோலில் கமரா இருப்பதை வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. விரும்பாதவர்கள் வந்தால் கமராவை மூடிவிடுவது. அதற்கு என் பழைய தொப்பி ஒன்று அளவாக இருந்தது. மாமியைப் பார்க்க ஆண்கள் அறைக்குள் வந்தால் திரையை அணைத்துவிடுவது.

மாமி மாறினார். அதற்கு முன்னர் சுவரைப் பார்த்துக் கிடந்தவர், பேரப்பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரத்துக்குத் திரை பக்கமாகத் திருப்பி விடச் சொன்னார். யார் சாப்பிடாமல் எழும்பினான், யார் புத்தகத்துக்குள் கைபேசியை வைத்துப் பார்க்கிறான் என்பதெல்லாம் இரவில் விசாரணைக்கு வரும். பெல்லுக்கும் மொழி உண்டாயிற்று. ஒரு முறை அடித்தால் தனக்கு ஏதோ தேவை. தொடர்ந்து அடித்தால் ஹோலைப் போய்ப் பார் என்று அர்த்தம்.

ஒரு நாள் பகலில் பெல் விடாமல் அடித்தது. மனைவி ஹோலுக்கு ஓடினார். என் மைத்துனியின் மூன்று வயதுப் பிள்ளை, கண்ணாடி ஷோகேஸின் தட்டுகளில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தது. அலுமாரி முன்னால் சரியத் தொடங்கியிருந்தது. மனைவியின் தோள் அதைத் தாங்கியது. மூன்று பேர் இருந்த வீட்டில் அதைக் கண்டவர் கட்டிலில் கிடந்தவர் ஒருவர்தான். அன்று கமராவை அவரது அறையில் வைத்திருந்தால், எங்கள் எல்லோருடைய கண்ணும் அவர் மேலேயே இருந்திருக்கும்.

2022 இல் மின்வெட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. திரை கறுத்துக் கிடந்தது. பெல் மட்டும் பற்றரியில் வேலை செய்தது. உயிரோடு சம்பந்தப்பட்ட உதவியை மிக எளிமையான சாதனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்த நாட்களில் நன்கு உணர்ந்தோம். அந்த இருட்டு நேரங்களில் பிள்ளைகள் தாமாகவே உம்மம்மாவின் அறைக்குள் போய் இருந்தார்கள். ஏனென்றால், உண்மையைச் சொல்வதானால், திரை வந்த பின்னர் அவர்கள் கமராவைப் பார்த்துக் கை காட்டிவிட்டு அப்படியே போகத் தொடங்கியிருந்தார்கள். கை காட்டுவது கணக்கில் வராது, மஃரிபுக்குப் பின் ஒவ்வொருவரும் கட்டிலருகே போய் இருக்க வேண்டும் என்று அவர்களது உம்மா கட்டளை போட வேண்டியிருந்தது. கேபிள் படத்தைத்தான் கொண்டு போகும், கையைப் பிடிக்காது.

மாமி 2023 இல் வபாத்தானார். அவரது மறுமை வாழ்வு சிறக்க நீங்களும் துஆச் செய்யுங்கள்.

துளைபோடும் முன்

வாசகர்களே, உங்கள் வீட்டில் அறைக்கு அறை கேபிள் இழுக்க நினைத்தால், கடைக்குப் போகும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தூரம், எந்தப் படம், எந்தத் துளை என்பவை வேலைக்காரர் தீர்த்து வைக்கும் கேள்விகள். வீட்டார் தீர்க்க வேண்டியவை வேறு. இந்தக் கேபிளின் ஒரு முனையில் பார்க்கப்படுபவர் யார்? மறுமுனையில் பார்ப்பவர் யார்? பார்க்கப்படுபவரிடம் கேட்டோமா? இந்தப் படம் வீட்டுக்குள்ளேயே நிற்குமா, வெளியே போகுமா? இது ஒருவரைக் குடும்பத்தோடு சேர்க்கிறதா, அல்லது அவரவரை அவரவர் அறைக்குள் பிரித்து வைக்கிறதா?

கணவன் மனைவிக்கு ஒரு திரை, பிள்ளைக்கு ஒரு திரை என்று அறைக்கு அறை இழுக்கும் அதே கேபிள்தான், எங்கள் வீட்டில் பிரிந்து கிடந்த ஒருவரை ஹோலுக்குக் கொண்டு வந்தது. கம்பி ஒன்றுதான், அதை எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு இரண்டு வார்த்தைகள். கரண்ட் பைப்பிலிருந்து ஓரடி விலக்கி, அறைக்கு அறை இன்னொரு வெறும் பைப்பையும் புதைத்து விடுங்கள். அதற்குள் மீன்வலைக்குப் பயன்படும் நைலோன் நூல் ஒன்றைக் கோர்த்து இரு முனைகளிலும் கட்டி வையுங்கள். நாளை எந்தக் கேபிள் வந்தாலும் அந்த நூல் இழுத்துக் கொடுக்கும். பூச்சுப் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தும் வையுங்கள்.

அப்படி எடுத்து வைக்காத பழைய வீடென்றால், ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் அந்த வீட்டின் மூத்தவரிடம் போய்க் கேளுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்கும் சாட்டிலாவது நீங்கள் அவரது கட்டிலருகே சற்று நேரம் இருந்துவிட்டு வருவீர்கள்.